கேட்கும், பேசாது

வண்டியில் பொருத்திய வயர்லெஸ் செட் கெட்டுப்போனால் ஓட்டுநர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "கேக்குது, ஆனா பேச முடியல." ஸ்பீக்கரில் எதிராளியின் குரல் தெளிவாக வரும். பதில் சொல்ல மைக்கின் பொத்தானை அழுத்தியதும் செட்டின் விளக்கு மங்கும், பிறகு அணைந்துவிடும். பொத்தானை விட்டால் மறுபடியும் உயிர் வரும். ஓட்டுநர் செட்டைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போவார். கடை மேசையில் வைத்து நல்ல மின்சாரம் கொடுத்தால் அதே செட் கணீரென்று பேசும்.

எண்பதுகளில் ஈப்போவில் தோட்ட வண்டிகளுக்கும் லோரிகளுக்கும் செட் பொருத்திக்கொண்டிருந்தவர் என் பெரியப்பா. இந்தப் புகாருக்கு அவர் வைத்திருந்த பதிலும் ஒன்றுதான். "செட்டுல ஒன்னுமில்ல. பேசுற அளவுக்கு அதுக்குச் சோறு போகல. நீ வண்டிய கொண்டா."

அவர் சொன்னதன் கணக்கு எளிமையானது. வண்டி செட் ஒன்று சும்மா கேட்டுக்கொண்டிருக்க அரை ஆம்பியர் மின்னோட்டம் போதும். பேசும்போது, அதன் திறனைப் பொறுத்து, அதுவே ஆறிலிருந்து பன்னிரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். ஏறக்குறைய இருபது மடங்கு. பேட்டரியிலிருந்து செட்டுக்கு வரும் வயரிலோ அதன் மூட்டிலோ 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கும்போது இழப்பு 0.05 வோல்ட், யாருக்கும் தெரியாது. 10 ஆம்பியர் இழுத்துப் பேசும்போது இழப்பு ஒரு முழு வோல்ட். அப்படி இரண்டு மூன்று மூட்டுகள் இருந்தால் 12 வோல்ட்டில் பத்துக்கும் கீழேதான் செட்டுக்கு வந்து சேரும். செட் படுத்துவிடும்.

கேட்பது மலிவு. பேசுவதுதான் செலவு. பேராக் மாநிலத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது. போர்க்காலம், அவசரகாலம், தோட்டங்கள் காலியான காலம் என்று நாம் பிரித்துப் படிக்கும் எல்லாவற்றிலும் யார் கேட்டார்கள், யாரால் பேச முடிந்தது என்று பிரித்துப் பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது.

*

வண்டி வானொலியே முதலில் கேட்க மட்டும்தான் கற்றுக்கொண்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறை 1928-இல் தன் கார்களில் வானொலியைப் பொருத்தியபோது அது ஒருவழிதான். தலைமையகம் பேசும், காரில் இருப்பவர் கேட்பார். பதில் சொல்ல வேண்டுமானால் இறங்கித் தொலைபேசியைத் தேட வேண்டும். காரிலிருந்தே பதில் பேசும் இருவழி வசதி நியூஜெர்சியின் பேயோன் நகரக் காவல்துறையில் 1933-இல்தான் வந்தது. காரின் பேட்டரியில் ஓடுகிற அளவுக்கு டிரான்ஸ்மிட்டரைச் சிறிதாக்க இடையில் ஐந்தாண்டுகள் தேவைப்பட்டன.

அதே காலகட்டத்தில் பேராக்கில் மின்சாரத்துக்குப் பஞ்சமே இருக்கவில்லை. பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை 1930-இல் இயங்கத் தொடங்கியது. இன்றும் மலேசியாவின் பழைய நீர்மின் அணைகளுள் முதலில் சொல்லப்படுவது அதுதான். அந்த மின்சாரம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்காக எடுக்கப்பட்டது. மண்ணை வாரும் மிதவைக் கப்பல்கள் இரவும் பகலும் அதில் ஓடின. பக்கத்து ரப்பர் தோட்டத்து லயங்களில் அப்போதும் மண்ணெண்ணெய் விளக்குதான். மின்சாரம் இல்லாததால் லயம் இருட்டாக இருக்கவில்லை. அது யாருக்காக இழுக்கப்பட்டது என்பதால்தான் லயம் இருட்டாக இருந்தது.

*

1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் வந்தார்கள். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பதே குற்றமானது.

ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பான் என்ற சிற்றூரில் அந்தக் குற்றத்தைச் செய்தவர் சிபில் கார்த்திகேசு. யூரேசியரான இவர் தாதியும் மருத்துவச்சியும் ஆவார். கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு தமிழ் வம்சாவளியினர். பாப்பான் கடைவீதியின் 74-ஆம் எண் வீட்டில் சிபில் மருந்தகம் நடத்தினார்; காட்டிலிருந்து வந்த கெரில்லாக்களுக்கு இரகசியமாகச் சிகிச்சை அளித்தார்; ஒளித்து வைத்திருந்த வானொலியில் பிபிசி கேட்டுச் செய்தியைப் பரப்பினார். அந்த வானொலிக்கு வீட்டார் வைத்த செல்லப்பெயர் ஜோசஃபின். 1943 ஆகஸ்டில் கெம்பெய்தாய் அவரைக் கைது செய்தது. சித்திரவதையில் முதுகெலும்பு சிதைந்த நிலையிலும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்தபின் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. 1948 ஜூன் 12 அன்று ஸ்காட்லாந்தில் இறந்தார்.

சிபிலின் வானொலியால் கேட்க மட்டுமே முடியும். பாப்பானில் என்ன நடக்கிறது என்று அதன் வழியாக இலண்டனுக்கு ஒரு சொல்கூடப் போகாது. கேட்டதற்கே அவ்வளவு தண்டனை.

அதே 1943-இல், அதே பேராக்கில், பேச வேண்டியவர்கள் பேச முடியாமல் கிடந்தார்கள். மே மாதம் ஜான் டேவிஸ் தலைமையில் ஒரு சிறு குழு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கடற்கரையில் இறங்கியது. பின்னாளில் ஃபோர்ஸ் 136 என்று அறியப்பட்ட அமைப்பின் முன்னோடிகள் இவர்கள். நவம்பரில் லிம் போ செங் வந்து சேர்ந்தார். ஆண்டின் கடைசியில் பீடோருக்கு மேலுள்ள மலைமுகாமில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு ஓர் ஒப்பந்தமும் செய்தார்கள். ஆனால், அதைத் தலைமையகத்துக்குச் சொல்லக் கம்பியில்லாத் தொடர்பு இல்லை. கனமான செட்டை மலைக்குத் தூக்கிவர முடியாமல் கீழேயே மறைத்து வைத்திருந்தார்கள். நீர்மூழ்கிச் சந்திப்புகளும் நின்றுபோக, ஓராண்டுக்கும் மேலாக இலங்கையில் இருந்தவர்களுக்கு இவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. 1945 தொடக்கத்தில்தான் தொடர்பு கிடைத்தது.

அந்தக் காலத்து உளவு செட்டுகளில் பெயர்பெற்றது பி2. ஒரு சூட்கேசுக்குள் அடங்கும். எடை ஏறக்குறைய 15 கிலோ. வீட்டு மின்சாரத்திலும் ஓடும், 6 வோல்ட் கார் பேட்டரியிலும் ஓடும். வால்வுகளுக்குச் சில நூறு வோல்ட் வேண்டும் என்பதால் உள்ளே வைப்ரேட்டர் என்று ஓர் அதிரும் நாக்கு இருக்கும். அது பேட்டரி மின்சாரத்தை நொடிக்கு நூறு முறைக்கும் மேல் வெட்டி வெட்டி மின்மாற்றிக்குக் கொடுக்கும். ஈரக்காற்றில் அதன் முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது. செட்டைச் சூட்கேசில் மறைக்கலாம். ஈயமும் அமிலமும் நிறைந்த கார் பேட்டரியை எங்கே மறைப்பது? காட்டில் அதை எதைக் கொண்டு சார்ஜ் செய்வது? உளவுக் கதைகளில் சங்கேத எழுத்துகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். பேட்டரியைத் தோளில் சுமந்தவனைப் பற்றி ஒரு வரி வந்தால் பெரிது.

லிம் போ செங் 1944 மார்ச்சில் பிடிபட்டு, ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தார். சிபில் விடுதலையாகும்வரை அடைபட்டிருந்ததும் பத்து காஜாவில்தான். கேட்டவரும் பேச வந்தவரும் ஒரே சிறைக்குப் போனார்கள்.

*

சிபில் இறந்து நான்கே நாளில், 1948 ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்ஃபில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர். சற்று நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனும் இயன் கிறிஸ்டியனும். பாடப்புத்தகத்தில் அவசரகாலம் இங்கேதான் தொடங்குகிறது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

துரைமார்களின் கொலை ஒன்றைத் தெளிவாக்கியது. ரப்பர் மரங்களுக்கு நடுவே, மண்சடக்கின் கடைசியில் இருக்கும் பங்களா எவ்வளவு தனியானது! அடுத்த சில ஆண்டுகளில் காவல்துறையின் வயர்லெஸ் வலை விரிவடைந்தது. காவல் நிலையங்கள், ரோந்து வண்டிகள், ஒதுக்குப்புறத் தோட்டங்கள் என்று ஒவ்வொன்றாக அதில் இணைந்தன. கவச வண்டிகளில் உலகப் போர்க்காலத்து 19-ஆம் எண் செட்டுகள் இருந்தன. வண்டியின் 12 வோல்ட்டை எடுத்து, சுழலும் மோட்டார்-ஜெனரேட்டர் ஒன்று கேட்பதற்கு 250 வோல்ட்டுக்கு மேலும், இன்னொன்று பேசுவதற்கு 500 வோல்ட்டுக்கு மேலும் ஆக்கித் தரும். வண்டி எஞ்சினை நிறுத்திவிட்டு மணிக்கணக்காகப் பேசினால் பேட்டரி இறங்கிவிடும். அதனால் சார்ஜ் செய்யத் தனியாக ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினும் வைத்திருப்பார்கள்.

அந்த 1948-இல்தான் லேண்ட்ரோவர் உலகுக்கு அறிமுகமானது. மலாயாவின் தோட்டங்களுக்கும் காவல்துறைக்கும் அது கைவண்டி மாதிரி ஆகிவிட்டது. பழைய லேண்ட்ரோவர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும். 1967-இல் அதை நெகட்டிவாக மாற்றினார்கள். அந்த மாற்றக் காலத்தில் எத்தனையோ டிரான்சிஸ்டர் செட்டுகள் உயிரை விட்டன என்று பெரியப்பா சொல்வார். நெகட்டிவ் உடம்புக்கென்று செய்த செட்டைப் பழைய வண்டியில் திருகினால், திருகாணி வழியாகவே ஷார்ட் ஆகும். "வண்டி எந்த வருஷம்னு கேக்காம ஸ்பேனர எடுக்காத" என்பது அவர் பாடம்.

வண்டியில் செட் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவசரகாலத்திலேயே பெரிய சான்று உண்டு. 1951 அக்டோபர் 6 அன்று உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி ஃபிரேசர் மலைக்குப் போகும் வழியில் பதுங்கியிருந்தவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய வண்டி வரிசையில் ஒரு காவல்துறை வயர்லெஸ் வேனும் இருந்தது. அது வழியில் கோளாறாகி நின்றுவிட்டது. மற்ற வண்டிகள் அதை விட்டுவிட்டு மேலே போயின. நாட்டின் மிக உயர்ந்த அதிகாரி தாக்கப்பட்ட இடத்தில் அந்த வேனின் வானொலி இல்லை. கெட்டது வானொலி அல்ல, அதைச் சுமந்த வண்டி. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "அதான் எப்பவும் நடக்கும். செட்டத் துடைச்சுத் துடைச்சு வைப்பாங்க. அது ஒக்காந்திருக்கிற வண்டிய யாரு பாக்குறா?"

*

சரி, இந்த வலை விரிந்த காலத்தில் லயத்துக்கு என்ன வந்தது?

லயத்துக்கும் வானொலி வந்தது. ரேடியோ மலாயா 1946-இல் தொடங்கி மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் ஒலிபரப்பியது. அவசரகாலத்தில் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொதுவில் கேட்கும் வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. மின்சாரம் இல்லாத இடங்களில் அவை உலர் பேட்டரியில் ஓடின. பாட்டு வரும், செய்தி வரும், அரசின் அறிவிப்பு வரும். 1950-களில் வானத்திலிருந்து ஒலிபெருக்கி விமானங்களும் பேசின. பிரிக்ஸ் திட்டத்தின்கீழ் தோட்டத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் ஒரே இடத்தில் ஒன்று திரட்டப்பட்டு முள்வேலி போடப்பட்டன. வேலிக்கு உள்ளே இருந்தவர்களிடம் எல்லோரும் பேசினார்கள். அவர்கள் எதிலே பேசுவது?

பேச அவர்களுக்கென்று இருந்த ஒரே கருவி தொழிற்சங்கம். அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனம் 1948 ஜூனில், அவசரகாலம் பிறப்பிக்கப்பட்ட அதே மாதத்தில், சட்டத்துக்குப் புறம்பானது ஆனது. அதன் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியப் பிரதமர் நேருவின் அரசு முயன்றும் கணபதியைக் காப்பாற்ற முடியவில்லை. தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954-இல் உருவானது. இடையிலான ஆண்டுகளில் லயத்துக்கு மேலே பறந்த வானொலி அலைகளில் லயத்தின் குரல் ஏறியதில்லை. பங்களாவுக்கு இருவழி வானொலி, லயத்துக்கு ஒருவழி வானொலி. நம் தாத்தா பாட்டிமார்களின் அவசரகாலத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் அந்த இருவழி வானொலியை ஓட வைத்ததில் தோட்டத்து ஆட்களின் கையும் இருந்தது. தோட்ட வண்டியை ஓட்டியவர், எஞ்சின் கொட்டகையில் நின்றவர், பேட்டரியில் தண்ணீர் ஊற்றியவர் பெரும்பாலும் நம்மவர்தான். மைக் மட்டும் வேறொருவர் கையில் இருந்தது.

*

சுதந்திரத்துக்குப் பிறகு நிலை மாறியதா என்றால், மேலே மாறியது. 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-களில் நாட்டின் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தார். துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவர்தான். முதல் துப்பாக்கி வெடித்த சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தமிழர் நாட்டின் தொலைபேசிக் கம்பிகளுக்குப் பொறுப்பாளர் ஆனது சாதாரணச் செய்தி அல்ல.

லயத்தில் அந்தக் கம்பி மெதுவாகத்தான் வந்தது. எங்கள் தோட்டத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு எஞ்சின் போடுவார்கள், பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள் என்று அம்மா சொல்வார். தமிழ்ப்படம் பத்தைத் தாண்டினால் கார் பேட்டரிதான். ஒரு வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி இருக்கும்; அதன் பேட்டரியைச் சைக்கிளில் கட்டி பட்டணத்துக் கடையில் சார்ஜுக்குப் போட்டு, இரண்டு நாள் கழித்து எடுத்து வருவார்கள். அந்த பேட்டரியும் கேட்கவும் பார்க்கவும்தான். பேச வேண்டுமானால் ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம் நிற்க வேண்டும். அங்கே ஒரு தொலைபேசி இருந்தது.

*

பெரியப்பா பழுது பார்த்த முறையைச் சொல்லிவிடுகிறேன். அதில் வரலாறு எழுதுகிறவர்களுக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

முதலில் பேட்டரியை அதன் முனையிலேயே அளப்பார். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, ஓடும்போது 13.8-க்கு மேல் ஏற வேண்டும். இதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். அவர் நிறுத்த மாட்டார். மீட்டரைச் செட்டின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோவார், ஒருவரை மைக் பொத்தானை அழுத்தச் சொல்வார், அழுத்தியபடியே அளப்பார். அப்போது பேட்டரியில் 12.4-ம் செட்டில் 10.5-ம் காட்டினால், காணாமல்போன இரண்டு வோல்ட் வழியில் எங்கோ தின்னப்படுகிறது. ஃபியூஸ் கூடு, வயர் மூட்டு, பூமிக் கம்பியைத் திருகிய பெயிண்ட் அடித்த தகடு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருப்பதுதான் குற்றவாளி. பால் ஏற்றும் லோரிகளில் இது சீக்கிரம் வரும். ரப்பர் பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள், கட்டியாக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுவார்கள். இரண்டும் செம்புக்குப் பகை. வயரின் தோல் புதிதாக இருக்கும், உள்ளே பச்சை பூத்திருக்கும்.

லோரிகளில் இன்னொரு பழுதும் உண்டு. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கட்டிய 24 வோல்ட் வண்டி அது. செட்டுக்கு வேண்டியது 12. சோம்பேறி மெக்கானிக் ஒரே பேட்டரியிலிருந்து வயரை எடுத்துவிடுவார். சில மாதங்களில் அந்த ஒரு பேட்டரி இளைத்துப்போகும். மற்றொன்று அளவுக்கு மீறி சார்ஜாகிக் கொதித்துச் சாகும். எடுப்பது இரண்டிலிருந்தும் சமமாக எடுக்க வேண்டும், அதற்கென்று ஒரு கன்வர்ட்டர் போட வேண்டும்.

"சும்மா இருக்கும்போது அளந்தா எல்லா பேட்டரியும் நல்ல பேட்டரிதான்" என்பார். "பேச வச்சு அளக்கணும்."

இந்த நாட்டில் தமிழர்களின் வரலாற்றை நாம் இதுவரை பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான் அளந்திருக்கிறோம். எத்தனை தோட்டம், எத்தனை பள்ளி, எத்தனை கோயில் என்று எண்ணினால் முள் 12.6 காட்டுகிறது. அதே சமூகம் பேசப் பொத்தானை அழுத்திய தருணங்கள் உண்டு. சங்கத்தில், வேலைநிறுத்தத்தில், தோட்டம் விற்கப்பட்டு வீட்டைக் காலி செய்யச் சொன்ன நாளில். அப்போது எத்தனை வோல்ட் இருந்தது, வழியில் எந்த மூட்டு அதைத் தின்றது என்பதை அளந்தவர்கள் குறைவு. துரைமார்கள் நினைவுக் குறிப்பு எழுதினார்கள். அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். ஸ்பென்சர் சாப்மன் காட்டு வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். சிபிலின் நினைவுக் குறிப்பு அவர் இறந்த பிறகு 1954-இல் வெளிவந்தது. லயத்திலிருந்து வந்த எழுத்து மட்டும் இந்த அலமாரியில் மிகக் குறைவு.

சுங்கை சிப்புட் பக்கம் இன்று பல பழைய ரப்பர் தோட்டங்களில் செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புப் பகுதி நிற்கிறது. அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் ஈப்போவின் புறநகர்களில் இருக்கிறார்கள். எல்லார் பையிலும் இருவழி வானொலிதான். கைப்பேசி என்பது அதுதானே. அவசரகால முள்வேலிக்குள் சிறுபிள்ளையாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது. அவர்கள் வீட்டில் உங்களில் யாராவது இருப்பீர்கள். கைப்பேசியின் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்தி, அந்தப் பொது வானொலிப் பெட்டியில் என்ன கேட்டீர்கள் என்று தொடங்குங்கள். அதை முடித்ததும் இன்னொன்றையும் கேளுங்கள்: அன்றைக்கு யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்ததா, எப்படிச் சொன்னீர்கள்?